மருந்தும் நிணநீர்ப் புற்றும்: பள்ளிப்பட்டைச் சுற்றிய மருத்துவ வரலாறு

நிணநீர்ப் புற்றுநோய் வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள் கட்டுமீறிப் பெருகுவதால் வருகிறது. மருத்துவமனைகளில் இதை லிம்போமா என்கிறார்கள். கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டுவதுதான் பலருக்கு முதல் அடையாளம். வலிக்காத நெறி, மாலைக் காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, காரணமில்லாத மெலிவு என்று அடுத்தடுத்துத் தெரியவரும். நோய் ஹாட்ஜ்கின் வகை, ஹாட்ஜ்கின் அல்லாத வகை என்று இரு பெரும் பிரிவுகளாகவும் அவற்றுக்குள் பல உட்பிரிவுகளாகவும் பகுக்கப்படுகிறது. பெரும்பாலான நோயாளிகளில் காரணம் இன்னதென்று சுட்ட முடிவதில்லை. ஆனால் ஒரு சிறு பகுதியினரில், வேறொரு நோய்க்காக ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட மருந்தின்மேல் ஐயம் விழுகிறது. அந்த ஐயம் 1960களின் பிற்பகுதியில் சிறுநீரக மாற்று வார்டுகளில் எழுந்தது. அதன் இந்தியப் பகுதி வேலூரிலும் சென்னையிலும் தொடங்குகிறது.

இவ்விரு நகரங்களுக்கும் திருப்பதிக்கும் இடையே, கொசஸ்தலையாற்றுப் படுகையில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த நெசவு ஊர் பள்ளிப்பட்டு. இவ்வூர் இருக்கும் மாவட்டத்தின் பெயர் ஒரு நூற்றாண்டுக்குள் பலமுறை மாறியது. பழைய வடஆர்க்காட்டிலிருந்து 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது வேலூர் ஒரு பக்கமும் இப்பகுதி மறுபக்கமும் ஆயின. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்ந்து இப்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியது. 1997 முதல் அது திருவள்ளூர் மாவட்டம். பள்ளிப்பட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் முன்னே மூன்று திசைகள் இருக்கின்றன: தென்மேற்கே வேலூர், கிழக்கே சென்னை, வடக்கே திருப்பதி. மூன்றில் கிட்டத்தில் இருப்பது திருப்பதி. அது வேறு மாநிலம். இந்த விவரத்துக்கு மருத்துவக் கணக்கெடுப்பில் உள்ள முக்கியத்துவம் பின்னால் வரும்.

நெறி கட்டும் நோய்களைத் தமிழ் மருத்துவம் நெடுங்காலமாக அறியும். கழுத்தைச் சுற்றி மாலைபோல் நெறிகள் வரிசையாகக் கட்டுவதைச் சித்த மருத்துவர்கள் கண்டமாலை என்றார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்றைய கணக்கில் நிணநீர்க் கணுக் காசநோயாகவே இருந்திருக்க வேண்டும். லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல் ஏழு நோயாளிகளின் கணு வீக்கத்தை விவரித்தார். 1865இல் சாமுவேல் வில்க்ஸ் அந்நோய்க்கு ஹாட்ஜ்கினின் பெயரையே இட்டார். நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்காமல் காசநோயையும் புற்றையும் பிரித்தறிய முடியாது என்ற நிலை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. காசநோய் மலிந்த நாட்டில் கழுத்து நெறியோடு வருபவருக்கு முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதும், அது கேட்காதபோது கணுவை வெட்டிச் சோதிப்பதும் நடைமுறையாக இருந்து வந்திருக்கிறது. நிணநீர்ப் புற்றைக் கண்டறிவதில் ஏற்படும் தாமதத்தில் கணிசமான பங்கு இந்த வழக்கத்துக்கு உண்டு.

இப்பகுதியில் திசுச் சோதனையும் பெரிய அறுவைச் சிகிச்சையும் செய்யக்கூடிய நிலையங்கள் மெதுவாகத்தான் வளர்ந்தன. ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஓர் அறையில் தொடங்கிய சிகிச்சை 1902இல் மருத்துவமனையாகி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, 1942இல் கல்லூரியானது. அதுவே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, ஊர்வழக்கில் சிஎம்சி. சென்னையில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது அம்முயற்சிக்கு ஒரு காரணம். அவருடைய மகன் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் பின்னர் வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர்.

மருந்துக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் உள்ள தொடர்பு அசாதயோபிரினில் ஆரம்பிக்கிறது. 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடையே சிறுநீரகத்தை மாற்றிவைத்து வென்றார். இரட்டையர் அல்லாதவர்களுக்கு அது பலிக்கவில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் அயலார் உறுப்பை ஏற்க மறுத்தது. முழு உடலுக்கும் கதிர் பாய்ச்சி எதிர்ப்பாற்றலை அடக்கிப் பார்த்ததில் பலர் இறந்தனர். மாற்று வழி பரோஸ் வெல்கம் நிறுவனத்திலிருந்து வந்தது. அங்கே ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் ரத்தப் புற்றுக்காக 6-மெர்காப்டோபியூரினை உருவாக்கியிருந்தனர். அது எதிர்ப்பாற்றலையும் தணிக்கிறது என்று ராபர்ட் ஷ்வார்ட்ஸும் வில்லியம் டேமஷெக்கும் 1959இல் முயல்களில் காட்டினர். அதன் வழித்தோன்றலே அசாதயோபிரின். 1962இல் மர்ரே அதைக் கொடுத்து, இறந்தவரிடமிருந்து எடுத்த சிறுநீரகத்தை நிலைநிறுத்தினார். டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் அதனோடு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்தபோது வெற்றி விகிதம் கூடியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உலகெங்கும் அந்த இணையே ஆட்சி செய்தது.

முதற்சில ஆண்டுகளிலேயே இந்நோயாளிகளில் நிணநீர்ப் புற்று எதிர்பாராத அளவில் தலைகாட்டியது. ஸ்டார்ஸலின் குழுவில் இருந்த, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இஸ்ரேல் பென் என்ற அறுவை மருத்துவர் 1968இல் டென்வரில் ஒரு பதிவேட்டைத் திறந்தார். எந்த நாட்டில் மாற்றுறுப்பு பெற்றவருக்குப் புற்று வந்தாலும் பென்னுக்கு எழுதி அனுப்பலாம். பிற்பாடு சின்சினாட்டிக்கு இடம்பெயர்ந்த அந்தப் பதிவேடுதான் இத்துறையின் அடித்தளம். தோல் புற்றும் உதட்டுப் புற்றும் அதில் அதிகம். ஆனால் கவலை தந்தது லிம்போமா. அது சில மாதங்களிலேயே வந்தது, இளம் வயதினரிலும் வந்தது, வழக்கமாக அபூர்வமாகவே அது தோன்றும் மூளையிலும் வந்தது.

பதிவேட்டில் இருப்பவை தனித்தனி நிகழ்வுகள். எத்தனை பேரில் எத்தனை என்று தெரியாமல் ஆபத்தின் அளவைச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கை ராபர்ட் ஹூவரும் ஜோசப் ஃப்ரௌமெனியும் 1973இல் செய்தனர். 6,297 சிறுநீரக மாற்று நோயாளிகளைக் கணக்கிட்டதில் நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பு பொதுமக்களைவிட ஏறத்தாழ 35 மடங்கு இருந்தது. அக்காலத்தில் ரெட்டிகுலம் செல் சார்கோமா என்று அழைக்கப்பட்ட வகையில் அது 350 மடங்கை எட்டியது. 1979இல் லியோ கின்லனும் சகாக்களும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நோயாளிகளை வைத்து வெளியிட்ட ஆய்வு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. அயலார் உறுப்பு உடலில் இருப்பதுதான் நிணநீர்க் கணுக்களைத் தூண்டுகிறதா, அல்லது மருந்தே காரணமா என்பது அதுவரை விளங்காதிருந்தது. அவர்கள் மாற்று அறுவை செய்யாமலே இதே மருந்துகளை வேறு நோய்களுக்கு உட்கொண்ட 1,349 பேரையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அவர்களிலும் லிம்போமா கூடியிருந்தது, மாற்றுறுப்பு பெற்றவர்கள் அளவுக்கு இல்லாவிட்டாலும். மருந்தின் பங்கு இப்போது மறுக்க முடியாததாயிற்று.

இந்தியாவில் சிறுநீரக மாற்று முதலில் 1965இல் மும்பை கேஇஎம் மருத்துவமனையில் முயலப்பட்டது. நிலைத்த வெற்றி 1971இல் வேலூர் சிஎம்சியில் கிடைத்தது. சிறுநீரக மருத்துவர் கே.வி. ஜானியும் அறுவை மருத்துவர் மோகன் ராவும் அதில் முன்னின்றனர். தாய், தந்தை, உடன்பிறந்தார் கொடுக்கும் சிறுநீரகம், பிறகு வாழ்நாள் முழுக்க அசாதயோபிரினும் பிரெட்னிசோலோனும் என்பதே அன்றைய முறை. இரண்டும் மாத்திரைகள், விலையும் ஓரளவு எட்டக்கூடியது. நோயாளி ஊர் திரும்பி, மாதாமாதம் ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து ரத்தம் சோதித்துப் போகலாம். அறுவைக்கூடத்து வெற்றியைப்போலவே இந்த மாதாந்தர வருகையும் சிகிச்சையின் முதுகெலும்பாக இருந்தது.

வேலூரின் மருத்துவர்கள் டென்வர், லண்டன் செய்திகளை அறியாதவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் வார்டில் மரணத்தின் முகம் வேறாக இருந்தது. எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்ட உடலில் முதலில் நுழைந்தது காசநோய். சிஎம்சியின் பிற்காலக் கணக்கில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தது. பூஞ்சைத் தொற்று, மஞ்சள்காமாலை வைரஸ்கள், சைட்டோமெகலோ வைரஸ் ஆகியவை அடுத்து நின்றன. லிம்போமா வளர ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகள் பலருக்குக் கிட்டவில்லை. வயதும் இதில் சேரும். இங்கே மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள்.

மற்றொரு காரணம் எப்ஸ்டீன்–பார் வைரஸ். உகாண்டாவில் டெனிஸ் பர்கிட் 1958இல் விவரித்த, குழந்தைகளின் தாடையில் வரும் கட்டியிலிருந்து ஆந்தனி எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவோன் பார் ஆகியோர் 1964இல் இந்த வைரஸைப் பிரித்தெடுத்தனர். உலகில் பெரும்பாலோர் உடலில் இது வாழ்நாள் முழுதும் தங்கியிருக்கிறது. பி-லிம்போசைட்டுகளில் குடியிருக்கும் இதை டி-லிம்போசைட்டுகள் அடக்கி வைக்கின்றன. மருந்து காவலனைத் தூங்க வைத்தால் வைரஸ் புகுந்த அணுக்கள் பெருகத் தொடங்கும். மாற்றுறுப்புக்குப் பிந்திய லிம்போமாக்களில் பெரும்பகுதி, குறிப்பாக முதல் ஆண்டில் வருபவை, இவ்வழியாகவே உண்டாகின்றன. இந்தத் தொற்றைச் சந்தித்தே இராதவர் ஒருவருக்குத் தொற்றுள்ளவரின் உறுப்பு வைக்கப்படும்போது ஆபத்து மிக அதிகம். மேலைநாட்டில் விடலைப் பருவம்வரை பலர் இத்தொற்றைக் காண்பதில்லை. இந்தியாவில் அது சிறுபிள்ளைப் பருவத்திலேயே வந்துபோகிறது. இந்திய மாற்று நோயாளிகளில் இவ்வகை லிம்போமா ஒப்பீட்டளவில் குறைவாகப் பதிவானதற்கு இது ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. நெறியை வெட்டிப் பார்க்காமலே விடப்பட்ட நோயாளிகளும் அக்குறைவுக்குள் இருக்கக்கூடும்.

1980களில் சைக்ளோஸ்போரின் வந்தது. நார்வேயின் ஹார்டாங்கர் மேட்டு நிலத்து மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சையில், சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில், ஜான்-ஃபிரான்சுவா போரெலின் குழு இதன் ஆற்றலைக் கண்டது. 1978இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் இதை நோயாளிகளுக்குக் கொடுத்தார். மறு ஆண்டே அவர் வெளியிட்ட அறிக்கையில், சிறு எண்ணிக்கையிலான அந்நோயாளிகளிடையே லிம்போமாக்கள் தோன்றியிருந்தன. மருந்தே கைவிடப்படுமோ என்ற நிலை. காரணம் அளவில் இருந்தது. தொடக்கத்தில் கொடுத்த அளவு மிகப் பெரிது. வேறு அடக்கு மருந்துகளும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. அளவைக் குறைத்தபோது ஆபத்தும் தணிந்தது. 1983இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. 1984இல் ஸ்டார்ஸல் வெளியிட்ட செய்தி அதைவிட முக்கியமானது: மருந்தைக் குறைத்ததும் சில நோயாளிகளின் லிம்போமா வேறு சிகிச்சையின்றியே கரைந்தது. புற்று என்றால் திரும்பாத பாதை என்ற மருத்துவ நம்பிக்கைக்கு அது பெரிய அதிர்ச்சி. இன்றும் இந்நோய்க்கு முதல் படி அடக்கு மருந்தைக் குறைப்பதே. போதாவிட்டால் பி-லிம்போசைட்டுகளைத் தாக்கும் ரிட்டுக்சிமாப், அதன்பின் கீமோதெரபி.

எவ்வளவு அடக்குகிறோம் என்பதே ஆபத்தைத் தீர்மானிக்கிறது என்பதை சிகாகோ அருகே நடந்து 1990இல் வெளியான ஓர் ஆய்வு கூர்மையாகக் காட்டியது. இதய மாற்று நோயாளிகளில் ஓகேடி3 என்ற கடும் மருந்தைப் பெற்ற 79 பேரில் 9 பேருக்கு லிம்போமா வந்தது. பெறாத 75 பேரில் ஒருவருக்கு மட்டும்.

சென்னையில் சைக்ளோஸ்போரின் இன்னொரு கதையைத் திறந்துவிட்டது. உறவினர் அல்லாதவரின் சிறுநீரகமும் நிலைக்கத் தொடங்கியதால் விலைக்கு விற்பவர்களுக்கும் தரகர்களுக்கும் சந்தை பிறந்தது. வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பட்டப்பெயர் வந்தது அந்நாளில்தான். 2002இல் வெளியான ஓர் ஆய்வில் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றதாகக் கூறினர். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. 2008க்குப் பிறகு மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்கொடை தமிழ்நாட்டில் அரசின் ஒழுங்குமுறைக்குள் வந்தது.

சைக்ளோஸ்போரின் தொடக்கத்தில் இறக்குமதிச் சரக்கு. மாற்று அறுவைக்கு வீட்டை அடமானம் வைத்தவர்கள் அதற்கப்பால் மாதாமாதம் இம்மருந்தை வாங்க முடியாமல் திணறினர். ஓராண்டுக்குப்பின் அதை நிறுத்தி அசாதயோபிரினுக்கு மாற்றுவது ஒரு வழி. பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் மாத்திரையைச் சேர்த்தால் சைக்ளோஸ்போரின் கல்லீரலில் சிதைவது குறையும் என்பதால் பாதிக்கும் குறைந்த அளவே போதும். அது இன்னொரு வழி. இரண்டும் இந்திய மருத்துவமனைகள் வறுமைக்குக் கண்ட மாற்று. முதல் வழியால் சிலர் மாற்றுச் சிறுநீரகத்தை இழந்தனர் என்பது தெளிவு. குறைந்த அடக்கத்தால் லிம்போமாவிலிருந்து எத்தனை பேர் தப்பினர் என்பதை எவரும் எண்ணவில்லை.

மாற்றுறுப்பு வார்டுக்கு வெளியே இந்த ஐயம் பரவியதற்கு மெத்தோட்ரெக்சேட் ஒரு வாசல். அதன் பிறப்பில் சென்னைக்கும் பங்குண்டு. பீமாவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதராடை அணிந்த அவருக்கு எம்பிபிஎஸ் பட்டம் மறுக்கப்பட்டு எல்எம்எஸ் என்ற கீழ்நிலைத் தகுதியே வழங்கப்பட்டது. 1923இல் பாஸ்டன் சென்ற அவர் பின்னர் லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தையும் அதன் எதிரிகளையும் உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். அங்கிருந்து கிடைத்த அமினோப்டெரினைக் கொண்டே சிட்னி ஃபார்பர் 1948இல் குழந்தைகளின் ரத்தப் புற்றைத் தற்காலிகமாகத் தணித்தார். மெத்தோட்ரெக்சேட் அதன் உடன்பிறப்பு. சுப்பாராவ் அதே ஆண்டு காலமானார். லிம்போமாவைக் குணப்படுத்தும் கூட்டு மருந்துகளில் இன்றும் இடம்பெறும் மெத்தோட்ரெக்சேட், சிறு அளவில் லிம்போமாவைத் தூண்டக்கூடும் என்று ஐயுறப்பட்டது மருந்தியல் வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

அந்தச் சிறு அளவு முடக்குவாதத்துக்கானது. வாரத்தில் ஒரே நாள் போட்டுக்கொள்ளும் மாத்திரை என்று தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கானோர் அறிந்தது அதுவே. அமெரிக்காவில் 1988இல் முடக்குவாதத்துக்கு ஒப்புதல் பெற்ற இம்மருந்தை உட்கொண்டவர்களில் லிம்போமா வந்த செய்திகள் 1990களின் தொடக்கத்தில் ஒவ்வொன்றாக வெளியாயின. 1993இல் அறிக்கையான இரு நோயாளிகளில் எப்ஸ்டீன்–பார் வைரஸ் கொண்ட லிம்போமா, மருந்தை நிறுத்தியதும் மறைந்தது. மருந்துக்கு எதிரான சாட்சியமாக இதைவிட வலுவானது கிடைப்பது அரிது.

ஆனால் முடக்குவாதத்தின் கதை அங்கே முடியவில்லை. அந்நோயே, மருந்தில்லாமலும், லிம்போமா வாய்ப்பைக் கூட்டுகிறது. எவ்வா பேக்லுண்ட் தலைமையில் ஸ்வீடனில் 2006இல் வெளியான ஆய்வு, லிம்போமா வந்த 378 முடக்குவாத நோயாளிகளை லிம்போமா வராத முடக்குவாத நோயாளிகளோடு ஒப்பிட்டது. மூட்டு அழற்சி ஆண்டுக்கணக்கில் தீவிரமாக எரிந்தவர்களிலேயே ஆபத்து பன்மடங்காகக் கூடியிருந்தது. மெத்தோட்ரெக்சேட் உட்கொண்டதற்கும் லிம்போமாவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. கடுமையாக நோயுற்றவருக்கே கடுமையான மருந்து தரப்படுகிறது. பிறகு புற்று வந்தால் பழி மருந்தின்மேல் விழுகிறது. நோயின் பங்கையும் மருந்தின் பங்கையும் பிரிக்காத எந்தக் கணக்கும் அரைக்கணக்கே. இன்றைய நிலை ஏறத்தாழ இதுதான்: மெத்தோட்ரெக்சேட்டால் தூண்டப்பட்டு, நிறுத்தினால் கரையும் லிம்போமா உண்டு, அது அரிது. அழற்சியை அடக்காமல் விடுவதும் ஆபத்தே. மாத்திரையைக் கண்டு அஞ்சி மூட்டு வலிக்கு நாட்டுப் பொடி என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்த பொட்டலத்தை நாடுபவர் இரண்டு ஆபத்துகளையும் சேர்த்தே வாங்குகிறார்.

புற்றல்லாததைப் புற்றென்று காட்டும் மருந்தும் உண்டு. 1938 முதல் வலிப்புக்குக் கொடுக்கப்படும் ஃபெனிடாயின் சிலருக்குக் காய்ச்சலோடும் தோல் தடிப்போடும் உடலெங்கும் நெறி கட்டச் செய்கிறது. அந்தக் கணுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தாலும் லிம்போமாபோலவே தெரியும். 1959இல் சால்ட்ஸ்டைனும் ஆக்கர்மேனும் இதை விவரித்து, மருந்தை நிறுத்தினால் நெறி வடிந்துவிடும் என்று காட்டினர். விலை மலிவால் இந்தியாவின் அரசு மருத்துவமனைகளில் ஃபெனிடாயினே பல பத்தாண்டுகள் வலிப்புக்கான முதன்மை மருந்தாக இருந்தது. நெறியோடு வரும் வலிப்பு நோயாளியிடம் என்ன மாத்திரை, எப்போதிலிருந்து என்று கேட்பது கத்தியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலையானது அதனால்தான்.

அசாதயோபிரின் பிறகு குடல் அழற்சி நோய்களுக்கும் சென்றது. 19,486 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பிரான்சின் செசாம் ஆய்வு 2009இல் வெளியானது. அசாதயோபிரின் வகை மருந்தை உட்கொண்டு வந்தவர்களில் நிணநீர்ப் புற்று வாய்ப்பு, ஒருபோதும் உட்கொள்ளாதவர்களைவிட ஐந்து மடங்குக்குச் சற்று மேல். 2017இல் அதே நாட்டில் 1,89,289 பேரை வைத்துச் செய்த ஆய்வு, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தை முடக்கும் டிஎன்எஃப் எதிர்ப்பு ஊசிகளையும் சேர்த்துப் பார்த்தது. ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் இவ்விரு மருந்தும் பெறாதவர்களில் 0.26 பேருக்கும், அசாதயோபிரின் வகை மட்டும் பெற்றவர்களில் 0.54 பேருக்கும், ஊசி மட்டும் பெற்றவர்களில் 0.41 பேருக்கும், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 0.95 பேருக்கும் லிம்போமா வந்தது. மடங்கில் சொன்னால் அச்சமூட்டும் எண், ஆளில் சொன்னால் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. மருந்துச்சீட்டோடு எச்சரிக்கையும் எழுதும் மருத்துவர் இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் முதல் எண்ணை மட்டும் சொன்னால் நோயாளி மாத்திரையைக் கைவிடுவார்; குடல் நோய் முற்றும். இளம் ஆண்களில் இவ்விரு மருந்தும் சேரும்போது கல்லீரலையும் மண்ணீரலையும் பற்றும் டி-செல் லிம்போமா அரிதாகத் தோன்றியதால், அவ்வயதினருக்குக் கூட்டுச் சிகிச்சையை நீட்டுவதில் தயக்கம் வந்தது. அந்த லிம்போமா பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும்.

தோல் அரிப்புக்கான டாக்ரோலிமஸ் களிம்பின் கதை எதிர்த்திசையில் செல்கிறது. மாற்றுறுப்புக்கு மாத்திரையாகத் தரப்படும் மருந்தே களிம்பிலும் இருப்பதால் 2005–06இல் அமெரிக்க அரசு கட்டமிட்ட எச்சரிக்கையை ஒட்ட வைத்தது. தோலின்வழி ரத்தத்தில் சேர்வது மிகச் சிறிது. பிந்திய ஆய்வுகளில் ஆபத்து உறுதிப்படவில்லை. எச்சரிக்கைக்கு அஞ்சிய பலர் தோலை மெலிவிக்கும் ஸ்டீராய்டு களிம்புகளையே தொடர்ந்தனர். டோஃபாசிட்டினிப் என்ற முடக்குவாத மாத்திரையின் விஷயம் வேறு. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, இதயநோய் வாய்ப்புள்ளவர்களை டிஎன்எஃப் எதிர்ப்பு ஊசி பெற்றவர்களோடு நேருக்குநேர் ஒப்பிட்ட பெரிய சோதனையில் மாத்திரைப் பக்கம் புற்றுகள் கூடின. லிம்போமாவும் அவற்றில் ஒன்று. 2021இல் எச்சரிக்கை கடுமையானது. இந்தியாவில் இம்மாத்திரை பல நிறுவனங்களின் தயாரிப்பாக, ஊசியைவிட மிக மலிவாகக் கிடைக்கிறது. அதை உட்கொள்வோர் தொகை கூடிக்கொண்டிருக்கும் நாட்டில் இந்த எச்சரிக்கைக்கு எடை அதிகம்.

மேலே வந்த முடிவுகள் யாவும் மருந்தின் பதிவும் புற்றின் பதிவும் ஒரே நோயாளியின் பெயரில் சந்தித்த இடங்களில் பிறந்தவை. டென்வரில் ஒரு மருத்துவர் கடிதங்களைச் சேர்த்தார். ஸ்வீடனிலும் பிரான்சிலும் அரசுப் பதிவுகள் அதைச் செய்தன. தமிழ்நாட்டில் இரண்டும் தனித்தனியே வளர்ந்தன. எண்ணும் திறமை இங்கே இல்லாமல் போகவில்லை. பள்ளிப்பட்டு அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே, திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், 1968இல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசிச் சோதனை இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோரை வீடு வீடாகப் பதிந்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற அதன் முடிவு உலகச் சுகாதாரக் கொள்கையையே அசைத்தது. 1981இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தில், அடையாறு மருத்துவமனையின் பொறுப்பில், சென்னைப் பெருநகர் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. 2012 முதல் மாநிலம் முழுவதற்குமான பதிவுத் திட்டம் நடக்கிறது. மருந்தின் பக்கத்தில், பாதகங்களைப் பதியும் தேசியத் திட்டம் 2010இல் டெல்லி எய்ம்ஸில் தொடங்கி 2011இல் காசியாபாத்தின் இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு மாறியது.

பாதகப் பதிவுத் திட்டம் மருத்துவர் தாமாக எழுதி அனுப்புவதை நம்பியிருக்கிறது. இன்று ஊசி போட்டு நாளை தடிப்பு வந்தால் எழுதுவார்கள். எட்டு ஆண்டு மாத்திரைக்குப்பின், வேறொரு நகரத்தில், வேறொரு துறையில் கண்டறியப்படும் லிம்போமாவை அந்த மாத்திரையோடு சேர்த்து எழுத யாருக்கும் தோன்றாது. புற்றுப் பதிவேட்டில் நோயின் வகையும் வயதும் ஊரும் உண்டு. முன்பு உட்கொண்ட மாத்திரைகளின் பட்டியலுக்கு இடமில்லை. மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி, ரசீதின்றி வாங்கும் மாத்திரைக்கோ எந்தப் பதிவும் கிடையாது.

எல்லையூரில் இடைவெளி இன்னும் அகலம். பள்ளிப்பட்டுப் பகுதி நெசவாளி ஒருவர் முடக்குவாதத்துக்கு வேலூரில் மருந்து தொடங்கலாம், திருத்தணிக் கடையில் அதைத் தொடரலாம், கழுத்தில் நெறி கட்டியபின் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்திலோ அடையாற்றிலோ நோய் அறியப்படலாம். மக்கள்தொகை சார்ந்த பதிவேடு ஒருவரை அவர் வசிக்கும் இடத்தில் எண்ணுகிறது. திருப்பதியில் கண்ட நோய் திருவள்ளூர் மாவட்டக் கணக்கில் ஏற வேண்டுமானால் இரு மாநிலப் பதிவாளர்கள் விவரத்தைப் பரிமாற வேண்டும். நடைமுறையில் அந்தப் பரிமாற்றத்தை ஓரளவு ஈடுசெய்வது நோயாளியின் மஞ்சள் பைக்குள் இருக்கும் பழைய மருந்துச்சீட்டுகளே. வேலூரில் 1971இல் தொடங்கிய மாதாந்தர வருகை முறை அத்தகைய சீட்டுகளையும் கோப்புகளையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்து வைத்தது. மாற்றுறுப்பு நோயாளிகளைப் பற்றி இந்தியாவிலிருந்து சொல்லத் தக்கவை கிடைத்ததும், முடக்குவாத நோயாளிகளைப் பற்றியும் குடல் நோயாளிகளைப் பற்றியும் அந்த அளவுக்குக் கிடைக்காததும் இந்த வேறுபாட்டால்தான்.